ஐசியு வாசலில் காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வயதான அப்பாவோ அம்மாவோ, கணவரோ மனைவியோ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க, வெளியே காத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. அவர்களுக்குத் துணை நிற்க நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் படிக்கலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பது டாக்டர்களின் பொறுப்பு. ஆனால் உள்ளே படுத்திருப்பவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை அவர்களுக்குச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை சுற்றிச்சுற்றி அந்த இடத்துக்குத்தான் வரும். வரிசைப்படி படிக்க வேண்டியதில்லை.

டாக்டர் சொன்னது பாதிதான் புரிந்தது. திரும்பக் கேட்டால் தப்பாக நினைப்பாரா?

மாட்டார். நினைத்தாலும் கேளுங்கள். 2000-இல் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், டாக்டரிடம் பேசிவிட்டு வந்த உறவினர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் என்ன, நிலைமை எப்படி, என்ன சிகிச்சை என்பவற்றில் ஏதாவது ஒன்று சரியாகப் புரிந்திருக்கவில்லை. தூக்கம் கெட்டு, பயந்துபோயிருக்கும் நேரத்தில் புதிய விஷயங்கள் மண்டையில் ஏறாது.

மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உடம்பில் எது ரொம்ப மோசமாக இருக்கிறது? அதற்கு என்ன செய்கிறீர்கள்? அது பலன் தருகிறதா என்பது எதை வைத்து, எப்போது தெரியும்? மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. கேட்டால் "பார்க்கலாம்" என்பதற்குப் பதிலாக "ரெண்டு நாளுக்குள்ள ஆக்சிஜன் தேவை குறையணும், அதைத்தான் எதிர்பார்க்கிறோம்" என்று பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும். பிறகு உங்களுக்குப் புரிந்ததை உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள்: "அப்போ கிட்னி தேறிட்டு வருது, நுரையீரல்தான் பிரச்சினை, சரிங்களா டாக்டர்?" தப்பென்றால் அங்கேயே திருத்திவிடுவார்.

இன்னொன்று. உள்ளே போனதும் மானிட்டரைப் பார்த்தபடி உட்காராதீர்கள். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் அது கத்தும். அதைப் பார்க்க நர்ஸ் இருக்கிறார். நீங்கள் ஆளைப் பாருங்கள்.

குடும்பத்தில் பத்துப் பேர் இருக்கிறோம். யார் டாக்டரிடம் பேசுவது?

ஒருவர். அவருக்கு மாற்றாக இன்னொருவர். அவ்வளவுதான்.

மூத்தவர், அதிகம் படித்தவர், பணம் கட்டுபவர் என்ற கணக்கில் ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவர்களிடம் சொல்பவர் யாரோ அவர்தான் சரியான ஆள். சில வீடுகளில் அது கடைசித் தங்கையாக இருக்கும். ராத்திரி ஒரு நேரம் வைத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியாகப் போட்டுவிட்டால் இருபது போன் மிச்சம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளையை முதல் நாளிலிருந்தே போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து நேராக வந்து இறங்குபவர்தான் "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க, எல்லாத்தையும் செய்யச் சொல்லுங்க" என்று சத்தம் போடுவார். அது கோபமல்ல, கூட இல்லாமல் போனோமே என்ற குற்ற உணர்ச்சி. மற்றவர்கள் பத்து நாளில் மெல்ல மெல்லப் பார்த்ததை அவர் ஒரே நிமிடத்தில் பார்க்கிறார், பாவம்.

அப்பா என்னை அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசுகிறார். மூளை கலங்கிவிட்டதா?

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று இப்படி ஆனால் பெரும்பாலும் அது டெலிரியம், தற்காலிகக் குழப்ப நிலை. கிருமித் தொற்று, தூக்கமின்மை, மயக்க மருந்து, ஆக்சிஜன் குறைவு என்று எதுவும் காரணமாகலாம். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வயது ஏற ஏற ஆபத்து கூடும். முன்பே மறதி நோய் இருந்தால் இன்னும் கூடும்.

கத்துவது, ட்யூபைப் பிடுங்குவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும். இன்னொரு வகை சத்தமே போடாது. கண் பாதி மூடியிருக்கும், கேட்டால் பதில் வராது, விரல்கள் போர்வை நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்கும். "அமைதியா தூங்குறார்" என்று விட்டுவிடுவார்கள். வயதானவர்களிடம் இந்த ஊமை வகைதான் அதிகம், கண்ணுக்குத் தப்புவதும் இதுதான். "இவர் இப்படி இருக்கிற ஆளே இல்லை சிஸ்டர்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை இங்கே ஒரு பரிசோதனைக்குச் சமம்.

ஒரு பெரியவரிடம் எதைக் கேட்டாலும் சம்பந்தமில்லாத பதில்தான் வந்தது. குழப்பம் என்று கேஸ் ஷீட்டிலும் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் மகள் வந்து, "காது மெஷின் எங்கே?" என்று கேட்டார். அட்மிஷன் அன்று கழற்றிப் போட்ட பையில், கண்ணாடியோடு சேர்ந்து அலமாரியில் கிடந்தது. பேட்டரி மாற்றி மாட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன?" குழப்பம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதில் பாதி காது கேளாமைதான் என்பது அன்று தெரிந்தது.

எனவே கண்ணாடி, காது மெஷின் இரண்டும் ஆளோடு இருக்கின்றனவா என்று தினமும் பாருங்கள். போனதும் நீங்கள் யார், இது எந்த இடம், இன்று என்ன கிழமை, காலையா மாலையா என்று இயல்பாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். பூச்சி ஊர்கிறது என்றால் இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "பயமா இருக்கா? நான் பக்கத்துலதான் இருக்கேன்" போதும்.

பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். வயதானவர்களுக்குச் சில வாரங்கள் இழுக்கலாம். சிலருக்கு ஞாபக சக்தி பழைய அளவுக்குத் திரும்பாமலும் போகலாம். இதை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

கூடவே உட்கார்ந்திருந்தால் குழப்பம் குறையுமா?

2019-இல் பிரேசிலில் 36 ஐசியுக்களில் இதைச் சோதித்தார்கள். குடும்பத்தினர் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை இருக்கலாம் என்று அனுமதித்தும் டெலிரியம் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் குடும்பத்தினரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. எனக்கு அந்த இரண்டாவது பலனே போதுமான காரணமாகப் படுகிறது. பார்வை நேரம் குறைவான இடத்தில் "கூடுதலாக அனுமதிப்பீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். சில நேரம் கிடைக்கும்.

மயக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதால் பயன் உண்டா?

பேசுங்கள். மரணத்தை நெருங்கி, எந்த அசைவும் காட்டாதிருந்த சிலரின் மூளை அப்போதும் ஒலிக்கு எதிர்வினை காட்டியதை 2020-இல் கனடாவில் பதிவு செய்திருக்கிறார்கள். கேட்டதன் பொருள் அவர்களுக்குப் புரிந்ததா என்பது வேறு கேள்வி. தலைமாட்டில் நின்றுகொண்டு அவரைப் பற்றி அவர் இல்லாதது போல் பேசாமலிருக்க இது போதாதா?

என்ன கொண்டு வரலாம்?

வீட்டில் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள், பழைய ரிப்போர்ட்டுகள், கண்ணாடி, காது மெஷின், ஒரு போட்டோ. அவர் நன்றாக இருந்த காலத்துப் போட்டோவாக இருக்கட்டும். தலை கலைந்து முகம் வீங்கிக் கிடக்கும் இந்த உடம்பு ஆறு மாதம் முன்பு தோட்ட வேலை செய்தது என்று புதிதாக டியூட்டிக்கு வரும் நர்ஸுக்குத் தெரிய வேண்டாமா?

சாப்பாடு, தண்ணீர் மட்டும் கேட்காமல் கொடுக்கவே கூடாது. உதடு காய்கிறதே என்று ஊற்றும் ஒரு வாய் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகலாம். உதட்டை ஈரப்படுத்த நர்ஸிடம் ஸ்வாப் கேளுங்கள், எப்படிச் செய்வதென்று காட்டித் தருவார்.

கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பார்க்கவே முடியவில்லை.

மூச்சுக் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது. ஆனால் கட்டுவதே குழப்பத்தையும் முரட்டுத்தனத்தையும் கூட்டலாம். "நான் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கும் நேரத்திலாவது அவிழ்க்க முடியுமா?" என்று கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

"என்ன செய்யலாம், நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கள்" என்கிறார்கள். நாங்கள் எப்படி முடிவு செய்வது?

கேள்வியே தப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. "வென்டிலேட்டரைத் தொடரலாமா, வேண்டாமா?" என்று மகனிடம் கேட்டால், அவன் காதில் விழுவது "அப்பாவைக் காப்பாற்றவா, விடவா?" என்பதுதான். எந்தப் பிள்ளையால் பதில் சொல்ல முடியும்?

இதன் வடு நீண்ட நாள் நிற்கும். 2005-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 21 ஐசியுக்களைச் சேர்ந்த குடும்பத்தினரில் மூன்றில் ஒருவருக்கு 90 நாள் கழித்தும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் இருந்தன. கடைசிக்கட்ட முடிவுகளில் பங்கேற்றவர்களிடம் அந்த விகிதம் அதைவிட இரு மடங்குக்கும் மேல்.

உங்களிடம் கேட்க வேண்டியது, "அவர் இங்கே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்பது. டாக்டர் அப்படிக் கேட்காவிட்டால் நீங்களே கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையிலிருந்து தடயங்களைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இவர் என்ன சொன்னார்? அடுத்தவர் குளிப்பாட்டிவிடும் நிலை வந்தால் தாங்குவாரா? அல்லது எப்படியாவது இருந்தால் போதும், பேத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பவரா? இரண்டு வகை மனிதர்களும் உண்டு. எதுவும் தப்பில்லை.

இதிலும் தவறு நேரும். 2006-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நெருங்கிய உறவினர்கள் நோயாளியின் விருப்பத்தைச் சரியாகச் சொன்னது ஏறக்குறைய 68 சதவீத நேரம்தான் என்று காட்டியது. அதனால் ஒருவர் நினைவை மட்டும் நம்பாமல் மனைவி, பிள்ளைகள், நெடுநாள் நண்பர் என்று எல்லோரையும் உட்கார வைத்து, அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். "அப்பா இதை விரும்ப மாட்டார்" என்பதைவிட "போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்போ 'இனிமே என்னை மெஷின்ல போடாதீங்கடா'ன்னார்" என்பது டாக்டருக்கு ஆயிரம் மடங்கு உபயோகம்.

எல்லாம் சொன்ன பிறகு, "இப்படிப்பட்டவருக்கு நீங்கள் எதைப் பரிந்துரைப்பீர்கள்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மருத்துவ முடிவின் பாரத்தைச் சுமக்கவும் அவர் இருக்கிறார். ஏதாவது எழுத்துப்பூர்வமாக முன்பே எழுதி வைத்திருந்தால் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு.

வயசாகிவிட்டது என்று கைவிடுகிறார்களா?

வயது மட்டும் எதையும் தீர்மானிக்கக் கூடாது. நோய் வருவதற்கு முன்பு உடம்பில் எவ்வளவு தெம்பு இருந்தது என்பதுதான் பெரிய விஷயம். அதை அளக்க 1 முதல் 9 வரையிலான ஓர் அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. 1 என்றால் ஓடியாடித் திரிபவர், 9 என்றால் வாழ்நாளின் கடைசியில் இருப்பவர். கணக்குப் போடுவது அட்மிஷன் அன்றிருக்கும் நிலையை வைத்தல்ல, இரண்டு வாரம் முன்பிருந்த நிலையை வைத்து. அதைச் சொல்லப் போவது நீங்கள்தான். கடைக்குத் தானே போய்வந்தாரா, மாடி ஏறினாரா, மருந்தை மறக்காமல் எடுத்தாரா? பெருமைக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள்.

கேட்கக் கசக்கும் இரண்டு எண்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இதயம் நின்று, மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்ற 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் டிஸ்சார்ஜ் வரை பிழைத்தவர்கள் சுமார் 18 சதவீதம். இது 2009-இல் வெளியான பெரிய அமெரிக்கக் கணக்கு. அடுத்தது, கடுமையான நோயில் ஐசியுவில் படுத்திருப்பவர்களின் தொடைத் தசை 10 நாளில் சராசரியாக ஏறக்குறைய 18 சதவீதம் கரைந்ததாக 2013-இல் அளந்து சொன்னார்கள். பிழைத்தாலும் எழுந்து நடக்க ஏன் மாதக்கணக்கில் ஆகிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

"சில நாள் முயற்சி செய்து பார்ப்போம்" என்கிறார்கள். பிறகு?

நல்ல வழி, அளவுகளை முன்பே பேசிவிட்டால். எத்தனை நாள், எது முன்னேற்றம், எது பின்னடைவு, அந்த நாள் வந்ததும் யார் யார் உட்கார்ந்து பேசுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவை இல்லாவிட்டால் ஐந்து நாள் ஐம்பது நாளாகும், யாரும் முடிவெடுக்காமலே.

குடும்பத்தோடு கூட்டம் என்று அழைத்திருக்கிறார்கள். எப்படித் தயாராவது?

பேசத் தயாராகுங்கள். இத்தகைய கூட்டங்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், குடும்பத்தினர் பேசியது மொத்த நேரத்தில் 29 சதவீதம்தான். மிச்சமெல்லாம் மருத்துவர்கள். குடும்பத்தினர் அதிகம் பேசிய கூட்டங்களில்தான் அவர்களுக்குத் திருப்தியும் அதிகம். 2007-இல் பிரான்சில் 22 ஐசியுக்களில், மரணத்தை நெருங்கியவர்களின் குடும்பங்களுக்காகக் கூட்டத்தை மாற்றியமைத்துப் பார்த்தார்கள். கூட்டம் 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமானது, குடும்பத்தினர் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 நிமிடமானது. மூன்று மாதம் கழித்து அந்தக் குடும்பங்களின் மன உளைச்சல் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

எனவே முதல் ஐந்து நிமிடத்தை நீங்கள் கேட்டு வாங்குங்கள்: "அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிடுறோம் டாக்டர், அப்புறம் நீங்க சொல்லுங்க." அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸும் கூட்டத்தில் இருக்கட்டும். டாக்டர் ஒரு நாளைக்குச் சில நிமிடம் பார்ப்பதை அவர் ஷிப்ட் முழுக்கப் பார்க்கிறார்.

இதயம் நின்றுபோய் உயிர்ப்பிக்க முயலும்போது நாங்கள் பக்கத்தில் இருக்கலாமா?

விரும்பினால் கேட்கலாம், கட்டாயமில்லை. வீட்டில் இதயம் நின்றவர்களின் உறவினர் 570 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நேரில் பார்க்காதவர்களிடம்தான் பிற்கால மன அழுத்த அறிகுறிகள் அதிகம். உறவினர்கள் இருந்ததால் சிகிச்சை கெடவில்லை.

அண்ணன் ஒன்று சொல்கிறார், அக்கா வேறு சொல்கிறார்.

பெரும்பாலும் சண்டை சிகிச்சையைப் பற்றியதே அல்ல. யார் அதிகம் பார்த்துக்கொண்டார்கள், யார் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்ற முப்பது வருடக் கணக்கு அது. ஐசியு வாசலில் அது தீராது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: இருவரும் ஒரே நேரத்தில், ஒரே டாக்டர் வாயால் நிலைமையைக் கேளுங்கள். பாதிச் சண்டை தனித்தனியாகக் கேட்ட தகவல்களால் வருவது.

நான் நோயாளியின் சொந்தம் இல்லை, நண்பர். எப்படி உதவுவது?

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "நாளைக்கு ராத்திரி நான் வாசல்ல இருக்கேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றால் மறுக்க மாட்டார்கள். போன் பண்ணி நிலவரம் கேட்காதீர்கள், பதில் தேவையில்லை என்று எழுதிச் செய்தி அனுப்புங்கள். இணையத்தில் படித்த சிகிச்சையை அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

எல்லோரும் மறப்பது, நோயாளியின் மனைவியை அல்லது கணவரை. அவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்து கால் வீங்கியிருக்கும். கைப்பையில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் இருக்கும், ஆனால் கடைசியாக எப்போது போட்டார் என்று கேட்டால் யோசிப்பார். "அம்மா, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்பதோடு நிற்காமல் மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள்.

கடைசி நேரம் வலிக்குமா? நான் அப்போது பக்கத்தில் இல்லாவிட்டால்?

வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்க மருந்து உண்டு. மார்ஃபின் போன்றவற்றை அளவோடு, உடல்நிலை பார்த்துக் கொடுப்பார்கள். கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது. மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் நமக்குத்தான் கொடுமை, நினைவிழந்தவரை அது வருத்துவதாகத் தெரியவில்லை.

காபி குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் போய்விடுபவர்கள் உண்டு. ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முன் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் கணக்கில் உண்டு.

பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் எனக்குத்தான் தூக்கமே வருவதில்லை.

ஐசியுவிலிருந்து மீண்டவர்களுக்குத் தொடரும் உடல், மனக் கோளாறுகளைப் போலவே குடும்பத்தினருக்கும் வரும் பாதிப்பைத் தனியாக அடையாளம் கண்டு 2012-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பதற்றம், திடுக்கிட்டு விழிப்பு, போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடப்பு எல்லாம் அதில் அடங்கும். சில வாரங்களில் தணியாவிட்டால் டாக்டரைப் பாருங்கள், உங்களுக்காக.

சில ஐசியுக்களில் நர்ஸ்களும் குடும்பத்தினரும் சேர்ந்து டைரி எழுதுவார்கள். மீண்டு வருபவர் தொலைந்துபோன நாட்களைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். 2019-இல் பிரான்சில் நடந்த பெரிய சோதனையில் நோயாளிகளின் மன உளைச்சலை அது குறைக்கவில்லை. இருந்தும் வீட்டுக்கு வந்தபின் "நான் எத்தனை நாள் அங்கே இருந்தேன்?" என்று அப்பா கேட்கும்போது கையில் கொடுக்க ஒரு நோட்டு இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன்.

அம்மா இறந்து ஆறு மாதமாகிவிட்டது. இன்னும் சில கேள்விகள் குடைகின்றன. இப்போது போய்க் கேட்கலாமா?

கேட்கலாம். 2017-இல் பிரான்சில், இறந்தவரின் குடும்பத்துக்கு ஐசியுவிலிருந்து ஆறுதல் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். துக்கம் குறையவில்லை. ஆறு மாதம் கழித்து கடிதம் பெற்றவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாகவே இருந்தன. கடிதத்தைத் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நேரில் பேசுவது வேறு.

அப்போது பார்த்த டாக்டரின் பெயரைச் சொல்லி, அரை மணி நேரம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் கேளுங்கள். புகார் கொடுக்க வரவில்லை என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் கதவு திறக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி அல்லது இறப்புச் சுருக்கத்தின் நகலை எடுத்துச் செல்லுங்கள். மனதைக் குடையும் கேள்வியை, "நான் ஒரு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?" என்பதாக இருந்தாலும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் கேட்காமலே எழுந்து வந்துவிடுவீர்கள்.